பம்பரைக் கழற்றிய பிறகுதான் தொல்லை

விபத்தில் அடிபட்ட காரைப் பழுதுபார்க்க ஒர்க்‌ஷாப்பில் விட்டால் "பார்ட்ஸ் வரவில்லை" என்றே நாள் கடத்துகிறார்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன்; அது அப்படியே உண்மை. எங்கள் காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர் மூன்றாம் நாளே வந்து படம் எடுத்துக்கொண்டு போனார். சரி, சீக்கிரம் முடியும் என்று நினைத்தோம். பம்பரைக் கழற்றியதும் உள்ளே டிக்கியின் அடித்தகடு நசுங்கியிருந்தது. அதற்குக் கூடுதல் எஸ்டிமேட், மறுபடி சர்வேயர் ஒப்புதல். 74 நாட்கள்! அப்பாவை டயாலிசிஸுக்கு ஆட்டோவில்தான் கூட்டிப்போனோம். நேரில் போய்ப் பார்த்தால் சீட்டெல்லாம் தூசி, பேட்டரியும் இறங்கிக் கிடந்தது.

தயவுசெய்து போனில் மட்டும் பேசாதீர்கள். எந்தப் பாகம், என்றைக்கு ஆர்டர் போட்டார்கள் என்று மெயிலில் கேளுங்கள். நான் மெயில் அனுப்பிய பிறகுதான் ஆர்டர் எண்ணையே காட்டினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி எழுத்துப் புகாருக்கு ஒரு மாதம் பதில் தராவிட்டால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. ஒர்க்‌ஷாப் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.