சட்டையில் சேறு, அம்மா முகத்தில் ஏன் குற்ற உணர்ச்சி?

மறுபடியும் ஒரு சோப்புப் பவுடர் விளம்பரம். "புதிய" என்று பாக்கெட்டில் கொட்டை எழுத்து. உள்ளே அதே பழைய குப்பை.

பையன் சேற்றில் புரண்டு வருகிறான். அப்பா சோபாவில் போனோடு உட்கார்ந்திருக்கிறார், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொள்கிறார். அம்மாவுக்குத்தான் மூஞ்சி வெளிறுகிறது, திருட்டுப் பட்டம் கட்டின மாதிரி. ஏன் வெளிறணும்? சேற்றில் விழுந்தது அவளா? அடுத்து மாமியார் உதட்டைச் சுழிக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் பளீரென்ற துணியோடு வந்து நிற்கிறாள். ஒரு பெண்ணை அவமானப்படுத்த இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வருகிறார்கள், ஆம்பளை மேல் ஒரு சொட்டுக் கறை படவில்லை.

அப்புறம் வருகிறது அந்த ஆண் குரல். ஊறவைப்பவள் அவள், காலரைத் தேய்ப்பவள் அவள், காயப்போட்டு மடிப்பவள் அவள். ஆனால் எந்தப் பவுடர், எத்தனை ஸ்பூன் என்று அவளுக்குப் பாடம் எடுக்க வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள்! கடைசியில் பாக்கெட்டைக் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறாள். அதுவும் இந்தியில் எடுத்த சிரிப்பு, வாய் ஒரு பக்கம், தமிழ் ஒரு பக்கம்.

சேற்றுக் கறைக்கு என்ன பெரிய வித்தை வேண்டும்? காயவிட்டு, மண்ணை உதறி, பச்சைத் தண்ணீரில் பவுடர் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்கணும். ஈரத்தோடு தேய்த்தால் மண் நூலுக்குள் இறங்கிவிடும். பத்து வயசுப் பையனே செய்துவிடலாம். கர்ப்பப்பை தேவையில்லை.

"ஊரில் நடப்பதைத்தானே காட்டுகிறோம்" என்பார்கள். ஆமாம், நடக்கிறது. யாருக்கு எந்த வேலையில் எவ்வளவு நேரம் போகிறது என்று மத்திய அரசு எடுத்த 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அதில் நாளைக்கு 289 நிமிஷம் போகிறது, ஆண்களுக்கு 88. அதை அப்படியே வைத்திருக்கத்தான் இந்தச் சிரிப்பு. 2015-லேயே ஏரியல் துவைப்பதில் ஆண்களுக்கும் பங்கு உண்டு என்று விளம்பரம் எடுத்துவிட்டது. மனசிருந்தால் எடுக்கலாம், மனசு இல்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கேபிள் டிவி விதிகள், 1994, 7ஆம் விதி: பெண்ணை அடங்கிப்போகிறவளாக, வீட்டில் இரண்டாம் இடத்தில் இருப்பவளாகக் காட்டி அதை ஊக்குவிக்கக் கூடாது. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், அதுதான் ஆஸ்கி, 2022 ஜூனில் இன்னும் தெளிவாகச் சொன்னது. பெண் துவைப்பதைக் காட்டலாம், அது அவள் தலைமேல் மட்டும் விழுந்த கடமை என்று காட்டக் கூடாது. வீட்டையே குப்பையாக்கிவிட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்க ஒருத்தி மட்டும் சுத்தம் செய்வதையே உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள்! அப்புறமும் எடுக்கிறான் என்றால் என்ன துணிச்சல்?

ஆஸ்கி இணையதளத்தில் புகார் கொடுங்கள், அதற்குக் காசு கிடையாது. சேனல், தேதி, நேரம், பொருளின் பெயர், எந்தக் காட்சி தப்பு என்பதை எழுதணும். போனில் வந்ததென்றால் ஸ்கிரீன்ஷாட்டும் லிங்க்கும். "பெண்களை இழிவுபடுத்துகிறது" என்று மட்டும் எழுதினால் நிற்காது, காட்சியைச் சொல்லணும்.

இன்னொன்று. விளம்பரம் வந்ததும் டிவி சத்தம் ஏன் இப்படி எகிறுகிறது? விளம்பரச் சத்தம் அளவு மீறக் கூடாது என்பதும் அதே 7ஆம் விதியில்தான் இருக்கிறது. அதையும் எவனும் படிக்கவில்லை. தூங்குகிற குழந்தை எழுந்துவிடுகிறது, தொட்டிலை ஆட்டவும் அவளேதான் ஓடணும்!