உசிலம்பட்டியில் எம்130 இருந்தால் யாருக்குப் பெருமை?

'உலகின் முதல் மனிதன் உசிலம்பட்டிக்காரன், வெள்ளைக்காரனே ஒப்புக்கொண்டான்' என்ற வாட்ஸ்அப் செய்தி மறுபடியும் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தடவை முறுக்கு மீசைப் படமும் பின்னணி இசையும் சேர்ந்திருக்கின்றன. கீழே ஒருவர் "நாங்கதான் ஆதி" என்கிறார், இன்னொரு சாதிக்காரர் "உங்களுக்கு முன்னாடியே நாங்க" என்கிறார். சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் நோயெதிர்ப்பியல் பேராசிரியர் பிச்சப்பன், நம் பக்கத்து மக்களிடம் ரத்த மாதிரிகள் எடுத்து, மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸுடன் சேர்ந்து ஆராய்ந்தார். உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் கிராமத்து மனிதர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணு அடையாளம் இருந்தது. 50,000 ஆண்டுகளுக்கும் முன்னால் ஆப்பிரிக்காவை விட்டுக் கிளம்பி, கடலோரமாகவே நகர்ந்து, ஆஸ்திரேலியா வரை போன கூட்டத்தோடு தொடர்புள்ள அடையாளம் அது. பரிணாம அறிவியல் நம் ஊர்க் கிராமத்தில் வந்து நின்ற அருமையான தருணம். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

ஆனால் எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் ஒவ்வொருவருக்கும் 1,024 முன்னோர் இடங்கள் உண்டு. எம்130 அதில் ஒரே ஒருவரின் கதையைத்தான் சொல்லும். அப்பத்தாவும் அம்மாச்சியும் கணக்கிலேயே வர மாட்டார்கள். அதே அடையாளத்தின் வேறு கிளைகள் மங்கோலியாவிலும் கசகஸ்தானிலும் ஏராளமாக இருக்கின்றன. நம் ஊர் முறைப்படி பார்த்தால் அவர்களும் பங்காளிகள். நம் ஊர் மாசிப் பச்சைத் திருவிழாவுக்கு வரி கேட்டு எழுதலாம்!

வேடிக்கை போகட்டும். எனக்கு உறுத்துவது வேறு விஷயம்.

டார்வின் மனிதனின் தோற்றம் பற்றிய தன் நூலை வெளியிட்டது 1871-இல். நாகரிகம் அடைந்தவர், அடையாதவர் என்று ஏற்ற இறக்கம் வைத்து அவரும் எழுதியிருக்கிறார், மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் மனித இனங்கள் எல்லாம் ஒரே உயிரினம், ஒரே மூலம் என்பதுதான் அவர் வாதம். அதே 1871-இல்தான் ஆங்கிலேய அரசு, சில சாதிகளைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தும் குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்துக்கு டார்வின் தேவைப்படவில்லை. நெசவாளி பிள்ளை நெசவாளி, அப்படியே திருடன் பிள்ளை திருடன் என்ற சாதிக் கணக்கே போதுமானதாக இருந்தது. கணக்கு நம்முடையது, சட்டம் அவர்களுடையது.

அறிவியல் சாயம் அப்புறம் வந்து சேர்ந்தது. குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்தவன், மண்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று 1876-இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ எழுதினார். 1883-இல் ஆங்கிலேய அறிஞர் கால்டன் 'நல்ல' பரம்பரையைப் பெருக்கும் திட்டத்துக்கு 'யூஜெனிக்ஸ்' என்று ஒரு பெயரே வைத்தார். இங்கே சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையும் மண்டையையும் அளந்தார். போலீசாருக்கும் அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தார்.

1911-இல் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீண்டது. சில ஆண்டுகளில் உசிலம்பட்டிப் பக்கத்துச் சாதியான பிறமலைக் கள்ளர்கள் மொத்தமாக அதற்குள் வந்தார்கள். குற்றம் செய்தாரா என்ற கேள்வியே கிடையாது, பிறந்ததே போதும். கைரேகை வை, ராத்திரி போலீஸ் கண்ணெதிரே வந்து படு. ரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர்.

ஜோதிமாணிக்கமும் பெருங்காமநல்லூரும் ஒரே உசிலம்பட்டி வட்டாரம். ரத்தத்தை வைத்து மனிதனை எடை போட்டதால் அடிபட்ட மண்ணில், இன்று அதே ரத்தத்தை வைத்து 'நாங்கதான் ஒசத்தி' என்று வாட்ஸ்அப் பேசுகிறது. பரிணாம அறிவியல் அறிந்தவரையில் மூத்த சாதி என்று ஒன்று கிடையாது. இன்று உயிரோடு இருக்கும் எல்லோருடைய வம்சாவளிக்கும் ஒரே நீளம்தான். உங்கள் வீட்டுக் கரப்பான்பூச்சிக்கும்கூட.

2023-இல் மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தைத் தூக்கியபோது நாம் எல்லோரும் கோபப்பட்டோம், சரி. நம் மாநிலப் பாடநூலில் பாடம் இருக்கிறது. ஆனால் அது அறிவியலோடு நின்றுவிடுகிறது, பரிணாமத்தின் பெயரால் மனிதர்களுக்கு என்ன செய்தார்கள் என்ற பக்கம் வருவதில்லை.

மதுரை, தேனிப் பக்க அறிவியல் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தப் பாடம் நடத்தும்போது பெருங்காமநல்லூரைச் சொன்னதுண்டா? பிள்ளைகள் என்ன கேட்டார்கள்? கமென்ட்டில் எழுதுங்கள்.