பால் இல்லை என்று சொல்லும் முன் அந்தக் குழந்தை குடிப்பதைப் பாருங்கள்

இணையத்தில் சுற்றும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எடை ஏறவில்லை என்று ஒரு கைக்குழந்தையைத் தராசில் கிடத்துகிறார்கள். எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பவர், "உனக்குப் பாலே இல்லைம்மா, பிள்ளையைப் பட்டினி போடுறே" என்கிறார். அந்தப் பெண் எதுவும் பேசாமல் குழந்தையைத் துணியில் சுற்றுகிறாள். கீழே வந்த கருத்துகளில் பாதிக்கு மேல் அவளுக்குத்தான் திட்டு.

அத்தனை பேரில் ஒருவருக்காவது அந்தக் குழந்தை பால் குடிப்பதை உட்கார்ந்து ஒரு தடவை முழுதாகப் பார்க்கத் தோன்றவில்லையே, அதுதான் என் கோபம். வாய் வைப்பதிலிருந்து விடுவது வரை, ஒரே ஒரு தடவை. தராசு காட்டுவது விளைவை. காரணம் தராசில் தெரியாது, குழந்தையின் வாயில் தெரியும், தொண்டையில் தெரியும், டயப்பரில் தெரியும்.

முதலில் அந்த எண்ணையே சரியாக எடுக்கிறோமா? காணொளியில் குழந்தை சட்டை, டயப்பர், சாக்ஸ் எல்லாம் போட்டிருக்கிறது. நனைந்த டயப்பர் ஒன்றே 100 கிராமுக்கு மேல் போகும். போன வாரம் ஒரு தராசு, இந்த வாரம் வேறு தராசு என்றால் கூடியதும் தெரியாது, குறைந்ததும் தெரியாது. உடுப்பில்லாமல், அதே தராசில், ஏறக்குறைய அதே நேரத்தில், வாரம் ஒருமுறை போட வேண்டும். மருத்துவர் கேட்டாலொழிய தினமும் போடாதீர்கள். குடித்த பாலும் போன மலமும் சேர்ந்து ஒரு நாள் ஏற்றிக் காட்டும், மறுநாள் இறக்கிக் காட்டும். அதைப் பார்த்துத் தாய் தூக்கத்தைத் தொலைப்பாள்.

பிறந்த முதல் சில நாளில் எடை குறைவது இயல்பு. பிறந்த எடையில் 7 சதவீதம்வரை குறைந்தால் பயமில்லை, 10 சதவீதத்தை நெருங்கினால் உடனே பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்குச் சராசரியாக 20 முதல் 30 கிராம் ஏறும். அடுத்த மூன்று மாதத்தில் இந்த வேகம் தானாகக் குறையும். நான்காம் மாதத்தில் ஏற்றம் மெதுவாகிவிட்டது என்று பதறிப்போய்ப் பவுடர் பால் டின்னைத் திறக்கும் வீடுகள் பல. வயதுக்கு ஏற்ற எடையைக் கோடுகளாகக் காட்டும் வளர்ச்சி வளைகோட்டில் குழந்தை தன் கோட்டை ஒட்டியே போகிறதா, கோடுகளை வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். எப்போதும் கீழ்க்கோட்டிலேயே சீராகப் போகும் குழந்தை சிறு உடல்வாகு உள்ள குழந்தையாக இருக்கலாம். மேல்கோட்டிலிருந்து இரண்டு கோடு இறங்கிய குழந்தை பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்தாலும் கவனிக்க வேண்டிய குழந்தை. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளைகோடுகள் தாய்ப்பால் குடித்த குழந்தைகளை அளந்து போட்டவை. பழைய வளைகோட்டில் வைத்துப் பார்த்தால் தாய்ப்பால் குழந்தை தேவையில்லாமல் மெலிந்து தெரியும். குறைமாதத்தில் பிறந்திருந்தால் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழித்துவிட்டுத்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இதையாவது கேட்டார்களா?

சரி, எடை உண்மையிலேயே ஏறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் முதல் வேலை பார்ப்பதுதான்.

குழந்தை வாய் வைக்கும்போது கொட்டாவி விடுவது மாதிரி வாய் அகலமாகத் திறக்க வேண்டும். தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். குழந்தையின் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு நம்மாலேயே ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்க முடியாது. முதல் ஒரு நிமிடம் வேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் சப்புவது மெதுவாகி ஆழமாகும். சப்பும், தாடை இறங்கி ஒரு நொடி நிற்கும், "க்க்" என்று விழுங்கும். அந்த நிற்றல்தான் வாய் நிறையப் பால் போகிற அடையாளம். கன்னம் குழிந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பிடிப்பு நழுவுகிறது. எடுத்த பிறகு காம்பு புது லிப்ஸ்டிக் நுனி மாதிரி சாய்ந்து நசுங்கியிருந்தால் குழந்தை வெறும் காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மார்பு நிறையப் பால் இருந்தும் வயிற்றுக்குப் போகாது. நாக்குக்கு அடியில் இருக்கும் சவ்வு குட்டையாக இறுகியிருந்தாலும் இதே நடக்கலாம்.

இதையெல்லாம் பார்க்க ஆகும் நேரம் அரைமணி. அந்த அரைமணி நேரத்தைக் கொடுக்காமல்தான் "பால் இல்லை" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்ட தாய் அடுத்த முறை குழந்தையை மார்பில் வைக்கும்போதே நடுங்குகிறாள். பதற்றத்தில் பால் இறங்குவது தாமதமாகும், குழந்தை அழும், உடனே "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார்கள். இல்லாத குறையைச் சொல்லிச் சொல்லியே உண்டாக்குகிற கொடுமை இது.

"ஒரு மணி நேரம் மார்பிலேயே கிடக்கிறது, அப்போ பால் இல்லை என்றுதானே அர்த்தம்?" என்று கேட்பீர்கள். இல்லை. கிடக்கிற நேரம் வேறு, குடிக்கிற நேரம் வேறு. பத்து நிமிடம் விழுங்கிவிட்டு ஐம்பது நிமிடம் தூங்குகிற குழந்தைகள் உண்டு. மஞ்சள் காமாலை இருந்தால் இன்னும் தூங்கும். சப்புவது நின்று விழுங்கும் சத்தம் குறைந்ததும் மார்பைக் கையால் ஆங்கில 'சி' வடிவில் பிடித்து மெல்ல அழுத்திக் கொடுங்கள், மறுபடி விழுங்கும். அதற்கும் அசையவில்லையா, எடுத்து டயப்பர் மாற்றி, உடுப்பைக் கழற்றி, அடுத்த மார்பில் வையுங்கள். அங்கேயும் ஓய்ந்தால் மறுபடி முதல் மார்பு. எடை ஏறாத குழந்தை தானே பசித்து எழும் என்று காத்திருக்காதீர்கள். சக்தி இல்லாத குழந்தை அழக்கூட அழாது, "சமத்துப் பிள்ளை" என்று பேர் வாங்கிக்கொண்டு தூங்கும். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை, பகலில் 3 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு டயப்பராவது கனமாக நனைய வேண்டும், முதல் மாதத்தில் மஞ்சள் மலம் மூன்று நான்கு முறை போக வேண்டும். அப்போதும் டயப்பரில் செங்கல் பொடி நிறத்தில் கறை வந்தால் பால் போதவில்லை.

"எங்க காலத்துல இதெல்லாம் பார்த்தா வளர்த்தோம்?" இதற்கு என்ன பதில் சொல்வது? அந்தக் காலத்தில் வளராமல் போன குழந்தைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்ததாக, "டின் பாலுக்கு எதிரி நீ" என்று ஒருவர் வருவார். போன தடவையும் வந்தார். தெளிவாகவே சொல்கிறேன். குழந்தைக்கு உணவு கிடைப்பதுதான் முதல் விதி. மேல்பால், அதாவது மார்பில் குடிப்பதற்கு மேலாகக் கொடுக்கும் பால், தேவை என்றால் இன்றே கொடுங்கள், குற்றவுணர்ச்சி வேண்டாம். தைராய்டு கோளாறு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியது, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை, பால் திசுவே குறைவாக வளர்ந்தது என்று உண்மையிலேயே பால் குறைவாகச் சுரக்கும் தாய்மார்கள் உண்டு. அவர்களிடம் போய் "முயற்சி பண்ணு" என்று சொல்வதும் அதே அளவு கொடுமை. நான் கேட்பது வேறு. மேல்பால் கொடுப்பதாக இருந்தால் எவ்வளவு, எப்படி என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா?

ஒரு வாரம் தாண்டிய நிறைமாதக் குழந்தைக்கு, மொத்தமாகவே புட்டிப்பால் என்றால், கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 4 கிலோ குழந்தைக்கு 600 மில்லி, எட்டு வேளை என்றால் வேளைக்கு 75. மார்பிலும் குடிக்கிற குழந்தைக்கு இதில் ஒரு பங்குதான் வேண்டும். அந்தப் பங்கை மருத்துவர் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் மார்பு, பிறகு பிழிந்த தாய்ப்பால், அது போதாவிட்டால் பவுடர் பால். மேல்பால் கொடுக்கும் ஒவ்வொரு வேளையும் இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் பம்ப் செய்ய வேண்டும். மார்பில் பால் தேங்கினால் உடம்பு "இவ்வளவு போதும்" என்று சுரப்பைக் குறைத்துவிடும். இதைச் சொல்லாமல் டின்னை மட்டும் கையில் கொடுத்தால், இருக்கிற பாலும் மெல்ல வற்றத் தொடங்கும்.

பவுடரைக் கலப்பதில் நடக்கும் தவறு இன்னும் மோசம். முதலில் தண்ணீரை அளந்து ஊற்ற வேண்டும், பிறகு டின்னிலேயே இருக்கும் கரண்டியால், குவியலை வழித்துவிட்டு, அழுத்தாமல் போட வேண்டும். ஒரு டின் கரண்டி இன்னொரு டின்னுக்கு ஆகாது. கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்க வேண்டும் என்பதும் பாதிதான் சரி, பவுடர் கிருமியற்றது இல்லை என்பதால் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்கும்போது கலக்கி, பிறகு ஆறவைக்க வேண்டும். டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீரைக் கூட்டினால் குழந்தை வயிறு நிரம்பும், எடை ஏறாது, ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்புகூட வரலாம். சீக்கிரம் குண்டாகட்டும் என்று ஒரு கரண்டி கூட்டினால் சிறுநீரகத்துக்குச் சுமை, மலச்சிக்கல், நீரிழப்பு. ஆறு மாதம்வரை வெறும் தண்ணீர் வேண்டவே வேண்டாம். 30 மில்லி தண்ணீர் கொடுத்தால் 30 மில்லி பாலுக்கான இடம் போச்சு.

எனக்குத் தெரிந்த ஒரு குழந்தையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு வாரக் குழந்தை, எடை நின்றுபோய்விட்டது. வழக்கம்போலத் தாய்க்குப் பால் இல்லை என்றார்கள். டின் வந்தது. அதிலும் ஏறவில்லை என்றதும் டின்னை மாற்றினார்கள், மறுபடி மாற்றினார்கள். மூன்று வாரம் போனது. நான்காம் வாரம் ஒரு செவிலியர் உட்கார்ந்து அது குடிப்பதைப் பார்த்தார். இரண்டு நிமிடம் குடிக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும், நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, மறுபடி இரண்டு நிமிடம், பிறகு தூக்கம். மூச்சை எண்ணினார், நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டியது. இதயத்தில் துளை. பால் குடிப்பதே அந்தக் குழந்தைக்கு மலையேறுவது மாதிரி இருந்திருக்கிறது. மருந்தும் கலோரி கூட்டிய பாலும் ஆரம்பித்த பிறகுதான் எடை நகர்ந்தது. அந்த மூன்று வாரமும் அந்தத் தாய் கேட்ட சொற்களை யார் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்?

இதயம் மட்டுமில்லை. குடித்ததும் பீய்ச்சி அடித்து வாந்தி எடுத்துவிட்டு உடனே மறுபடி பசிக்கும் குழந்தைக்கு இரைப்பை வாய் சுருங்கியிருக்கலாம், பெரும்பாலும் பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில் தெரியும். மலத்தில் சளியும் ரத்தமும் என்றால் மாட்டுப்பால் புரத ஒவ்வாமையை நினைக்க வேண்டும். வேறு அறிகுறி எதுவும் இல்லாமல் எடை மட்டும் நிற்கிற குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். வெளியே தெரியாத அண்ணப் பிளவை, அதாவது வாயின் மேற்கூரையில் இருக்கும் பிளவை, வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். இவை எதுவும் தாயின் மார்பில் இல்லை. "பால் இல்லை" என்று முடித்துவிட்டால் இவற்றை யாரும் தேடுவதே இல்லை.

"மருத்துவர்களுக்கு நேரம் இல்லையே" என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன், இல்லைதான். அப்படியென்றால் வீட்டில் இருக்கிறவர்கள் பாருங்கள். கணவர் என்று ஒருவர் அந்தக் காணொளியில் ஓரமாக நிற்கிறார், கவனித்தீர்களா? மூன்று நாள் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், விழுங்கும் சத்தம் எத்தனை நிமிடம், எத்தனை டயப்பர், என்ன நிறம், வாந்தி எவ்வளவு. கைபேசியில் ஒரு வேளை முழுவதையும் படம் பிடிக்கட்டும். அந்தத் தாளும் படமும் மருத்துவரின் பத்து நிமிடத்தை அரைமணிக்குச் சமமாக்கும். பம்ப் பாகங்களைக் கழுவுவதும் இரவில் குழந்தையை எழுப்பித் தாயிடம் கொடுப்பதும் அவருடைய வேலைதான். குடித்த பிறகு தோளில் போட்டு ஏப்பம் எடுக்கத் தாய்தான் வேண்டுமா?

எனக்கு வலிப்பதே அங்கேதான். குழந்தை எடை ஏறினால் "எங்க வம்சம்" என்பார்கள். ஏறாவிட்டால் அது அவளுடைய மார்பின் குற்றமாகிவிடும். பிரசவித்து ஆறு வாரம்கூட ஆகாத உடம்பு, இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்காத கண், காம்பு வெடித்து ரத்தம் கசியக் கசியக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளைத் தராசுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிக்கிறீர்கள்.

மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி காய்ச்சல், எழுப்பியும் பால் குடிக்க எழாத குழந்தை, எட்டு மணி நேரமாக நனையாத டயப்பர், உச்சிக்குழி உள்வாங்கியது, பச்சை நிற வாந்தி, நீலம் பாய்ந்த உதடு. இவற்றில் எதைக் கண்டாலும் இந்தப் பதிவை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், நாளைவரை காத்திருக்க வேண்டாம்.

அந்தக் காணொளியை இன்னும் பகிர்ந்துகொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நீக்குங்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், அவள் பக்கத்தில் ஒரு வேளை பால் கொடுக்கும் நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருங்கள். குழந்தை எத்தனை முறை விழுங்குகிறது என்று மட்டும் எண்ணுங்கள்.