46 சென்ரிமீற்றர்

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒருவர் போட்ட மீன்பிடிப் படத்துக்குக் கீழே நான் எழுதியதைப் பற்றி உள்பெட்டியில் கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். இங்கேயே எழுதிவிடுகிறேன். படம் போட்டவரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குளிர்ப்பெட்டி மூடியின் மேல் வரிசையாகப் பதினொரு பிக்கரல் மீன். பின்னால் சிரித்தபடி மூன்று பேர். இடம் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்து நிப்பிசிங் ஏரி. மீன்களுக்குப் பக்கத்தில் ஒரு அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் கிடந்தது. அந்தப் போத்தல் இருபது, இருபத்தொரு சென்ரிமீற்றர் வரும். வரிசையில் பெரிய மீன்கூட இரண்டு போத்தல் நீளம் இல்லை. நான் கீழே எழுதியது ஒரே ஒரு வரி: "தம்பி, இந்த ஏரியில் 46 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிக்கரலை வைத்திருக்கக் கூடாது."

இதற்குத்தான் அத்தனை பேச்சும். வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறவன், சொந்தச் சனம் நாலு மீன் தின்றால் வயிறெரிகிறவன் என்று என்னைத் திட்டினார்கள். ஒருவர் 'காட்டிக்கொடுப்பவன்' என்றே எழுதினார். அந்தச் சொல்லின் பாரம் அவருக்குத் தெரியாமல் இருக்காது. எங்கள் ஊர்களில் அந்தச் சொல்லுக்கு எத்தனை உயிர் போனது என்று தெரிந்த வயதுதான் அவருக்கு. ஒரு மீனின் நீளத்தைச் சொன்னதற்கு அதை எடுத்து என் மேல் எறிந்திருக்கிறார். இரண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை.

சரி, மீனுக்கு வருகிறேன்.

அரசாங்கத்தின் விதிகளில் இந்த மீனின் பெயர் வோல்-ஐ என்று இருக்கும். இங்கே ஒன்ராறியோவில் எல்லோரும் பிக்கரல் என்றுதான் சொல்கிறோம். நிப்பிசிங் 873 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள ஏரி, ஆனால் சராசரி ஆழம் 4.5 மீற்றர்தான். அவ்வளவு பெரிய, அவ்வளவு ஆழம் குறைந்த தண்ணீர் பிக்கரலுக்கு என்றே செய்தது போல இருக்கும். 1980களில் இருந்து அந்த மீனின் தொகை விழுந்துகொண்டே வந்தது. முக்கியமான காரணம், ஒரு தடவைகூட முட்டை இடாத இளம் மீன்களை நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடித்துத் தின்றதுதான். அதனால்தான் 2014இல் 46 சென்ரிமீற்றர் விதி வந்தது. பெண் மீன்களில் பல அந்த நீளத்தை எட்டுகிற காலத்தில்தான் முதல் முறை முட்டையிடத் தயாராகும். ஒரு வசந்தம், ஒரே ஒரு வசந்தம் அதற்கு விட்டுக்கொடுங்கள் என்பதுதான் அந்த விதி. முழு லைசென்ஸ் வைத்திருப்பவருக்கு இரண்டு மீன், குறைந்த விலை லைசென்ஸ் என்றால் ஒன்று. மூன்று பேருக்குப் பதினொன்று எப்படி வரும்?

"வெள்ளைக்காரன் சட்டம்" என்றார்கள். என் அப்பா யாழ்ப்பாணத்துக் குருநகரில் வலை இழுத்தவர். சின்னக் கண் வலையோடு யாராவது கடலில் இறங்கினால் கரையில் இருக்கிற பெரியவர்கள் அவரைச் சும்மா விட மாட்டார்கள். "குஞ்சை அள்ளினால் நாளைக்கு என்னத்தைப் பிடிக்கப் போகிறாய்?" என்று அப்பாவே சண்டைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அங்கே யார் வெள்ளைக்காரன்?

மூன்று வருடத்துக்கு முன்பு, செப்டெம்பர் கடைசியில், மகளைக் கூட்டிக்கொண்டு அதே ஏரியின் கலண்டர் விரிகுடாவுக்குப் போனேன். அந்த நேரம்தான் எனக்குப் பிடித்த காலம். கோடைச் சனம் போய்விடும், தண்ணீர் குளிரத் தொடங்கும், கரையில் மேப்பிள் மரங்கள் பாதி சிவந்து நிற்கும். பகல் முழுக்க ஒன்றும் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில்தான் பிக்கரல் இரைக்கு வரும், அதன் கண் அப்படி. கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்புகிற ஒரு படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்தில் மற்ற மீன்களைவிட நன்றாகப் பார்க்கும். ஜிக் என்கிற பாரம் வைத்த தூண்டில் முள்ளில் மின்னோ என்கிற சின்ன இரை மீனைக் கொழுவி அடியில் தட்டித் தட்டி இழுத்துக்கொண்டிருந்தோம். பிக்கரல் வெடுக்கென்று இழுக்காது. தங்கூசி நூலில் விரலை வைத்திருந்தால் ஒரு சின்னத் தட்டு, பிறகு ஈரச் சாக்கை இழுப்பது போல ஒரு கனம். மகள் தானே சுற்றி எடுத்தாள். தலைவிளக்கு வெளிச்சத்தில் கண் வெள்ளிக்காசு போல மின்னியது. வாலின் கீழ் நுனியில் அந்த வெள்ளைப் பொட்டு. முதுகு முள் அவள் விரலைக் குத்தி இரத்தம் வந்தது, அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

வாயை மூடி, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தோம். 44.

"இரண்டு சென்ரிமீற்றர்தானே அப்பா?" என்றாள். ஏறக்குறைய 350 கிலோமீற்றர் ஓடிப் போயிருக்கிறோம், அன்றைக்கு வேறு மீனே இல்லை. எனக்கும் மனம் வரவில்லை, அதை மறைக்கவில்லை. மீனைத் தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தோம், செவுள் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது, அப்புறம் கையை உதறிவிட்டுப் போய்விட்டது. வீடு வரும்வரை மகள் என்னோடு கதைக்கவில்லை. இன்றைக்கு அவள்தான் என் பையில் அளவுகோல் இருக்கிறதா என்று பார்க்கிறவள்.

"விட்ட மீன் எப்படியும் சாகும்" என்று ஒருவர். சில சாகும், உண்மை. பத்து மீற்றருக்கு மேல் ஆழத்தில் இருந்து இழுத்தால் காற்றுப்பை ஊதி மீன் மிதக்கும், கடற்புறா கொத்திக்கொண்டு போகும். கோடைச் சூட்டிலும் சாகும். அதனால்தான் ஆழம் குறைந்த இடத்தில், குளிர்கிற தண்ணீரில் பிடியுங்கள் என்கிறேன். சில சாகும் என்பதற்காக எல்லாவற்றையும் கொல்வது என்ன நியாயம்?

"பெரிய தாய் மீனை மட்டும் எடுத்தால் சரியா?" என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வந்த கேள்விகளில் நியாயமானது இது ஒன்றுதான். பெரிய பெண் மீன் ஒரு வசந்தத்தில் லட்சக்கணக்கில் முட்டை போடும். அறுபது சென்ரிமீற்றருக்கு மேல் உள்ளதை நானும் விட்டுவிடுகிறேன். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் விடுகிறேன்.

"பூர்வகுடிகள் வலை போடலாம், நாங்கள் தூண்டில் போடக் கூடாதா?" இதை எழுதியவர்களுக்குத்தான் எனக்குக் கோபம். தூண்டில் போடக் கூடாது என்று யார் சொன்னது? அந்த ஏரியின் பெயரே அவர்களின் மொழியில் இருந்து வந்தது. 1850இல் ராபின்சன்-ஹியூரன் உடன்படிக்கையில் நிலத்தைக் கொடுத்தபோது மீன்பிடி உரிமையை அவர்கள் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். நிப்பிசிங் முதற்குடியினர் தங்களுக்கென்று மீன்பிடிச் சட்டமே இயற்றி வைத்திருக்கிறார்கள். 2016இல் மாகாண அரசோடு உடன்பாடும் செய்தார்கள். நிலம் பறிபோனால் எப்படி இருக்கும் என்று தெரிந்த சனம் நாங்கள். எங்கள் வாயில் இருந்து அந்தக் கேள்வி எப்படி வந்தது?

கடைசியாக ஒன்று, இதுதான் என்னைக் கூடக் குத்தியது. "நீ எழுதுவதை வைத்து வெள்ளைக்காரன் எங்களை அடிப்பான்." 2007இல் சிம்கோ ஏரிப் பக்கம் ஆசிய வம்சாவளியினர் மீன்பிடித்துக்கொண்டிருந்த இடங்களில் அவர்களைத் தாக்கித் தண்ணீருக்குள் தள்ளினார்கள். மாகாண மனித உரிமை ஆணைக்குழு விசாரிக்கும் அளவுக்கு அது போனது. அந்த வருடம் எங்கள் நாலு குடும்பம் இருட்டுவதற்கு முன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறது. அந்தப் பயத்தை எனக்குச் சொல்லித் தர வேண்டாம். எங்களைத் தள்ளியவர்கள் எங்கள் மீனை அளந்து பார்த்துத் தள்ளவில்லை. அவர்களுக்குக் காரணம் தேவைப்படவில்லை. அதற்காக நான் குஞ்சு மீனைப் பார்த்துக் கண்ணை மூட முடியாது. இரண்டும் வேறு வேறு, ஒன்றை வைத்து மற்றதை மூடாதீர்கள்.

படத்தில் நிற்கிற தம்பியின் முகத்தில் இருந்த சந்தோசம் எனக்குத் தெரியும். என் முதல் பிக்கரலுக்கு நானும் அப்படித்தான் நின்றேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நான் அந்த ஒரு வரியை எல்லோர் முன்னாலும் எழுதியிருக்க வேண்டியதில்லை, தனியாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு மட்டும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிய விசயத்தை நான் அழிக்கப் போவதில்லை.

வருகிற சனிக்கிழமை விடிய நாலு மணிக்கு ஸ்காபரோவில் இருந்து வெளிக்கிடுகிறோம். படகில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. தம்பி, வருவதென்றால் வெள்ளி இரவுக்குள் சொல்லும், உமக்கும் சேர்த்து மின்னோ வாங்க வேண்டும்.