சிஸ்சிடிஎல்லில் ஒட்டிய அந்த இருபது வரிகளை முதலில் அழியுங்கள்

சர்வர் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்ததும், எங்கிருந்தோ எடுத்த இருபது வரிகளைச் சிஸ்சிடிஎல் கோப்பில் (sysctl, லினக்ஸ் கெர்னலின் அமைப்புகளை மாற்றும் கோப்பு) ஒட்டிவிட்டு "டியூனிங் முடிந்தது" என்று டிக்கெட்டை மூடுகிறார்களே, அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஆர்மெம் மேக்ஸ் (ஒரு சாக்கெட், அதாவது இணைப்பின் முனை, வாங்கும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் பஃபரின் உச்சம்) 16777216. டபிள்யூமெம் மேக்ஸ் (அனுப்பும் பஃபரின் உச்சம்) 16777216. டிசிபி ஆர்மெம், டிசிபி டபிள்யூமெம் (டிசிபி இணைப்புகளுக்கான அதே இரு பஃபர்கள்), டிசிபி மெம் (எல்லா டிசிபி இணைப்புகளும் சேர்ந்து எடுக்கும் நினைவகம்) எல்லாவற்றிலும் அதே எண். சுத்தமான ஈயடிச்சான் காப்பி. எந்த எண் எந்த அலகில் இருக்கிறது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

டிசிபி மெம் பைட் கணக்கு இல்லை ஐயா, பேஜ் கணக்கு! ஒரு பேஜ் 4096 பைட். 16777216 பேஜ் என்றால் 64 ஜிபி. 32 ஜிபி ராம் உள்ள மெஷினில் இதைப் போட்டால், டிசிபி மொத்தமாக எவ்வளவு நினைவகம் எடுக்கலாம் என்று கெர்னல் போட்ட வேலியைப் பிடுங்கி எறிந்ததாகத்தான் அர்த்தம். பூட் ஆகும்போதே ராமைப் பார்த்துக் கெர்னல் கணக்கிட்டு வைக்கும் எண் அது. டிமெஸ்கில் (கெர்னலின் செய்திப் பதிவு) டிசிபிக்கு நினைவகம் போதவில்லை என்ற வரி வந்தாலொழிய அதில் கை வைக்காதீர்கள். வந்தாலும் முதலில் ப்ராக் நெட்டில் சாக்ஸ்டாட் கோப்பைப் (/proc/net/sockstat, சாக்கெட் கணக்கு) படியுங்கள். அங்கே மெம் என்று வருவதும் பேஜ்தான். எந்த ப்ராசஸ் சாக்கெட்டை மூடாமல் விடுகிறது என்று தேடுங்கள்.

அடுத்த அநியாயம் டிசிபி டபிள்யூமெம்மின் நடு எண். மூன்று எண்களில் முதலாவது குறைந்தபட்சம், நடுவில் இருப்பது ஒவ்வொரு சாக்கெட்டும் தொடங்கும் அளவு, மூன்றாவது உச்சவரம்பு. தேவைக்கு ஏற்பக் கெர்னலே நடுவிலிருந்து மூன்றாவதை நோக்கி ஏற்றிக்கொள்ளும். அந்த நடு எண் சாதாரணமாக 16384. அதையும் 16 எம்பி ஆக்கிவிடுகிறார்கள்! அத்தனையும் உடனே ஒதுக்கப்படாது, உண்மைதான். ஆனால் மெதுவான மொபைல் இணைப்பில் 5000 பேர் பெரிய கோப்பு இறக்கும்போது, அப்ளிகேஷன் எழுதித் தள்ளுவதை எல்லாம் கெர்னல் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆளுக்கு 16 எம்பி, மொத்தம் 80 ஜிபி. அப்புறம் ஓஓஎம் கில்லர் (நினைவகம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) வந்து டேட்டாபேஸைக் கொன்றது என்று அழுது என்ன பயன்?

டிசிபி வேகமாகும் என்று ஆர்மெம் மேக்ஸை மட்டும் ஏற்றுகிறவர்களும் உண்டு. கெர்னல் தானாக ஏற்றுவதற்கு வரம்பு டிசிபி ஆர்மெம்மின் மூன்றாவது எண்தான். பல கெர்னல்களில் 6291456. ஆர்மெம் மேக்ஸ் குறுக்கே வருவது, அப்ளிகேஷன் செட்சாக்ஆப்ட் (சாக்கெட்டின் அமைப்பை மாற்றும் அழைப்பு) வழியாகத் தானே அளவு கேட்கும்போது மட்டும். அப்படிக் கேட்ட நொடியில் அந்தச் சாக்கெட்டுக்குத் தானியங்கிச் சரிசெய்தல் நின்றுவிடும். ஆகவே அப்ளிகேஷன் கான்ஃபிக்கில் யாரோ எப்போதோ போட்ட ரிசீவ் பஃபர் வரி இருந்தால், அதை நீக்குவதே பல இடங்களில் முழு வைத்தியம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும்: வேகம் பெருக்கல் போய்வரும் நேரம். 1 ஜிபிபிஎஸ், 200 மில்லிசெகண்ட் என்றால் 25 எம்பி. 10 ஜிபிபிஎஸ் இருந்தாலும் ஒரே டேட்டா சென்டருக்குள் அரை மில்லிசெகண்ட் என்றால் 625 கேபிதான். போனில் 20 எம்பிபிஎஸ், 80 மில்லிசெகண்டில் இருப்பவருக்கு 200 கேபி. டபிள்யூமெம்மின் வழக்கமான 4 எம்பி உச்சவரம்பே அவருக்கு இருபது மடங்கு. கண்டம் தாண்டி ஒரே இணைப்பில் பேக்கப் அனுப்புகிறீர்களா? அப்போது ஏற்றுங்கள். பஃபரில் பாதியளவுதான் விண்டோவாக (பதில் வருமுன் அனுப்பக்கூடிய அளவு) கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு, பெருக்கி வந்ததைப் போல இரண்டு மடங்கு போடுங்கள். அனுப்பும் மெஷினில் டபிள்யூமெம், வாங்கும் மெஷினில் ஆர்மெம். கோப்பு அனுப்புவதை மட்டுமே செய்யும் வெப் சர்வரில் ஆர்மெம்மை ஏற்றுவது மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது.

அதற்கும் முன்னால் பஃபர்தான் தடையா என்று பாருங்களேன்! எஸ்எஸ் கட்டளையில் (ss, சாக்கெட் விவரம் காட்டுவது) டி, ஐ இரண்டையும் கொடுத்தால் ஒவ்வொரு இணைப்புக்கும் விவரம் வரும். எஸ்என்டிபஃப் லிமிடெட் என்று சதவீதத்தோடு வந்தால் உங்கள் பக்கத்து பஃபர் சிறிது. ஆர்டபிள்யூஎன்டி லிமிடெட் என்றால் எதிர்ப்பக்கம் வாங்க முடியாமல் திணறுகிறது. இரண்டும் இல்லாமல் ரீட்ரான்ஸ் (மறுபடி அனுப்பிய எண்ணிக்கை) மட்டும் ஏறிக்கொண்டே போனால் வழியில் பாக்கெட் தொலைகிறது. அதற்கு எத்தனை எம்பி பஃபர் போட்டும் பயனில்லை.

பாக்கெட் உங்கள் மெஷினுக்குள்ளேயே விழுகிறதா? எந்தப் படியில் விழுகிறது என்று சொல்ல ஒவ்வொரு படியிலும் ஒரு கவுண்ட்டர் இருக்கிறது. எத்டூலில் (நெட்வொர்க் கார்டைப் பார்க்கும் கட்டளை) பெரிய எஸ் போட்டு மிஸ்ட், நோ பஃபர் போன்ற எண்கள் ஏறுகின்றனவா பாருங்கள். ஏறினால் கார்டின் ரிங் (பாக்கெட் வந்து காத்திருக்கும் இடம்) நிரம்புகிறது. சிறிய ஜி போட்டால் இப்போதைய அளவும் உச்ச அளவும் தெரியும், பெரிய ஜி போட்டு ஏற்றலாம். பல டிரைவர்களில் அப்போது லிங்க் ஒரு கணம் விழுந்து எழும், கூட்ட நேரத்தில் செய்துவிடாதீர்கள். அடுத்தது ப்ராக் நெட்டில் சாஃப்ட்நெட் ஸ்டாட். எண்கள் ஹெக்ஸில் இருக்கும், சிபியுவுக்கு ஒரு வரி. மூன்றாவது நெடுவரிசை ஏறினால், வேலை மிச்சமிருக்கும்போதே கெர்னலின் நேரமோ பட்ஜெட்டோ தீர்கிறது. நெட்டெவ் பட்ஜெட்டை (ஒரு சுற்றில் கையாளும் பாக்கெட் எண்ணிக்கை) 300-இலிருந்து 600 ஆக்கிப் பார்க்கலாம். ஆனால் ஒரே ஒரு வரி மட்டும் ஏறினால் கார்டின் எல்லா இன்டரப்டும் (பாக்கெட் வந்தது என்ற அழைப்பு) ஒரே சிபியுவில் விழுகிறது என்று பொருள். அதைப் பிரிக்காமல் பஃபரை ஏற்றி என்ன செய்ய? இரண்டாவது நெடுவரிசை ஏறினால்தான் நெட்டெவ் மேக்ஸ் பேக்லாக் (சிபியுவுக்கான பாக்கெட் காத்திருப்பு வரிசையின் நீளம்) பேச்சே வர வேண்டும். ஆர்பிஎஸ் (பாக்கெட் வேலையைப் பல சிபியுவுக்குப் பிரிப்பது) போடாத சாதாரண கார்டில் பாக்கெட் அந்த வரிசை வழியாகப் போவதே இல்லை. அதை 250000 ஆக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள்!

யுடிபிக்குத் தானியங்கிச் சரிசெய்தல் கிடையாது. என்ஸ்டாட்டில் (நெட்வொர்க் கவுண்ட்டர்களைக் காட்டும் கட்டளை) யுடிபி ஆர்சிவிபஃப் எரர்ஸ் ஏறினால் அங்கே மட்டும் ஆர்மெம் மேக்ஸை ஏற்றி, அப்ளிகேஷனையும் பெரிய அளவு கேட்கச் செய்யுங்கள்.

அந்தப் பட்டியல்களில் இன்னும் டிடபிள்யூ ரீசைக்கிள் (மூடிய இணைப்புகளைச் சீக்கிரம் துடைக்கும் அமைப்பு) வரி இருக்கிறது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரே NAT-க்குப் (பலர் ஒரே ஐபி முகவரியைப் பகிர்வது) பின்னால் இருக்கும் அலுவலகத்தில் சிலருக்கு மட்டும் தளம் திறக்காமல் போனதற்குக் காரணமான அமைப்பு அது. 2017-இல் கெர்னல் 4.12-இலேயே தூக்கிவிட்டார்கள். டிசிபி சாக் 0 (எந்தப் பாக்கெட் வந்தது என்று வாங்குபவர் சொல்லும் வசதியை அணைப்பது) என்ற வரி அதைவிட மோசம். 2019 ஜூனில் சாக் பேனிக் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது தற்காலிகமாகச் சொன்ன மாற்று வழி. ஓட்டையைக் கெர்னலில் அடைத்து எத்தனை வருடம் ஆகிறது! அந்த வரியை வைத்துக்கொண்டிருந்தால், ஒரே சுற்றில் நாலு பாக்கெட் தொலையும்போது எவை தொலைந்தன என்று அனுப்புகிறவருக்குத் தெரியவே தெரியாது. நீண்ட தூர இணைப்பு நொண்டும்.

சோமேக்ஸ்கான் (ஏற்கப்படாமல் காத்திருக்கும் இணைப்பு வரிசையின் வரம்பு) 65535 கதையும் இதுதான். அப்ளிகேஷன் லிசனில் கேட்பது, சோமேக்ஸ்கான் இரண்டில் சிறியதுதான் செல்லும். லினக்ஸில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் தானாகக் கேட்பது 511. அதன் கான்ஃபிக்கில் லிசன் வரியில் பேக்லாக் (வரிசை நீளம்) எழுதாதவரை அது 511தான். எஸ்எஸ்ஸில் எல், டி, என் போட்டுப் பாருங்கள்: லிசன் சாக்கெட்டில் சென்ட் கியூ காட்டுவதே உண்மையான வரம்பு. கண்டெய்னர் என்றால் ஹோஸ்டில் போட்ட சோமேக்ஸ்கான் உள்ளே போகவே போகாது, ஒவ்வொரு நெட்வொர்க் நேம்ஸ்பேஸுக்கும் (பிரித்து வைத்த நெட்வொர்க் சூழல்) தனி. உள்ளே நுழைந்து படித்தால் கெர்னல் 5.4-க்கு முந்தியது 128 என்று காட்டும், 5.4-உம் பிந்தியதும் 4096.