கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்

டிவி போன்ற பொருள் பழுதானால், வாரண்டி முடிந்தபின் விற்றவரிடம் கேட்க வழியில்லை என்று சொல்வது சரியல்ல. வாரண்டி தயாரிப்பாளர் தரும் வாக்கு. விற்றவரின் சட்டப் பொறுப்பு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அது குறைந்தது 2 ஆண்டு. இங்கிலாந்தில் 6 ஆண்டு வரை வழக்குப் போடலாம். ஆனால் இங்கிலாந்தில் முதல் 6 மாதம், ஒன்றியத்தில் குறைந்தது முதல் 1 ஆண்டு தாண்டினால், குறை வாங்கும்போதே இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

டிவி ஆன் ஆகாமல் ஸ்டாண்ட்பை விளக்கு மட்டும் மினுக்குகிறது என்று வையுங்கள். பவர் போர்டில் (டிவிக்குள் மின்சாரம் வழங்கும் பலகை) கை வைப்பதற்கு முன்பே மெக்கானிக்கைப் படம் எடுக்கச் சொல்லுங்கள் (நீங்களாகத் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்கும்). கெப்பாசிட்டரின் (மின்சாரத்தைச் சேமிக்கும் சின்ன உருளை) தலை உப்பியிருப்பதும், அது ஹீட்சிங்கை (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) ஒட்டி நிற்பதும் படத்தில் தெரிய வேண்டும். சூடு 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். 85 டிகிரி வரைதான் தாங்கும் என்று அச்சிட்ட கெப்பாசிட்டரை அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் வடிவமைப்புக் குறை என்று வாதாட இடமுண்டு. போர்டு எண், பழுதின் காரணம், தண்ணீர் புகுந்த தடயம் இல்லை என்பது, இவற்றை எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகம் ஆதாரமாக உங்களிடமே இருக்கட்டும். பிறகு விற்றவருக்கு 14 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள், போனில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள்.