எரிமலையா, டீசலா: எது அதிகம்?

"ஒரே ஓர் எரிமலை வெடித்தால் போதும், மனிதன் இத்தனை காலம் விட்ட புகையை மிஞ்சிவிடும். நம் லாரியும் பாய்லரும் பூமியைச் சூடாக்குகின்றன என்பது சும்மா கதை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நாமக்கல், திருப்பூர்ப் பக்கம் பலரும் நம்பிப் பகிர்கிறார்கள். அது தவறு.

உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து வருஷத்துக்கு விடும் கரியமில வாயு, பெரும்பாலான மதிப்பீடுகளில் 50 கோடி டன்னுக்கும் கீழ்தான். நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரித்து 2023இல் நாம் விட்டதோ சுமார் 3,700 கோடி டன். 1991இல் பிலிப்பைன்ஸில் வெடித்த பினாடுபோ, பூமியைச் சூடாக்கவில்லை. அதன் கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து ஒன்றிரண்டு வருஷம் அரை டிகிரி அளவுக்குக் குளிர்வித்தன.

சரி, நம்மூர் லாரிக்கு வருவோம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஒரு கிலோகூட இல்லாத டீசலில் இருந்து இவ்வளவா என்று கேட்பீர்கள். டீசலில் இருக்கும் கரி, காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் எடை கூடுகிறது. பைபாஸ் பங்கில் 300 லிட்டர் நிரப்பிப் புறப்படும் லாரி, டேங்க் காலியாவதற்குள் 800 கிலோ விட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாததால்தான் நம்ப மறுக்கிறோம்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்த இந்த வாயு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.